ணங் என்றால் இன்னொரு துண்டு

வண்டியில் ஏறுமுன்
காதைக் கழற்றிக் கோட்டுக்குள் போட்டுக்கொள்வாள் அய்ஜமால்.
தலையில் ஒட்டும் காந்த வில்லை,
காதுக்குப் பின்னால் கொக்கி போட்ட கருவி, இரண்டையும்.
டோக்மோக்கிலிருந்து பிஷ்கேக் அறுபது கிலோமீட்டர்.
கேட்கப் பழகுவதற்காக
வாராவாரம் கேட்காமல் போய்வருகிறோம்.

ஒருநாள் எழுதிக் காட்டினாள்:
உன் வண்டி என் தலைக்குள் ஓடுகிறது.

என் ஹோண்டா ஃபிட்டைக் குறை சொல்ல மாட்டேன்.
பெட்ரோலைச் சிட்டுக்குருவி மாதிரிக் குடிக்கும்.
தகரம் மட்டும் அப்பளம்.

உதிரிபாகச் சந்தையில் ஜோயாவின் கடை, ஒரு பழைய கன்டெய்னர்.
நான் முதலில் எடுத்தது
கூரை ஒழுக்குக்கு ஒட்டும் தார்ச்சுருள். மலிவு.
"மோந்து பார்" என்றாள்.
"ஜூலையில் உருகிப் பிள்ளையின் செருப்போடு வீட்டுக்குள் வரும்.
நாற்றம் வாடகை தராமல் குடியிருக்கும்."
பியூட்டைல் தாள், மேலே அலுமினியம், ஒன்று நானூற்றைம்பது சோம்.
நாலு கதவு, தரை, கூரை, டிக்கி:
நாற்பது தாள் என்று என் விரல்கள் எண்ணி முடிக்குமுன்
அவளே சொன்னாள்:
"முழுக்க ஒட்டுகிறவன் முட்டாள். இல்லையென்றால் என் நல்ல வாடிக்கையாளன்.
தகரத்துக்கு வயிற்றில்தான் நடுக்கம்.
நடுவில் கால் பங்கு ஒட்டு, போதும்.
முட்டியால் தட்டிப் பார்.
ணங் என்றால் இன்னொரு துண்டு.
தொப் என்றால் நிறுத்திவிட்டுப் பணத்தை எண்ணு."

பத்துத் தாள் வாங்கினேன்.
நுரைத்தாளுக்கும் விலை சொன்னாள்.
காது கேட்காதவன்போல் நின்றேன்
(வீட்டில் பார்த்துப் படித்ததுதான்).

பக்கத்துக் கடையில், சுற்றுலாக் கூடாரங்கள் கிழித்துத் தள்ளிய
அழுத்தக் கம்பளி, கிலோ எண்பது.
அதற்கும் ஜோயா எட்டிப் பார்த்துக் கத்தினாள்:
"தரைக்குப் போடு! கூரைக்குப் போடு! கதவுக்குள் போடாதே!
கதவுக்குள் மழை வரும், அடி ஓட்டை வழியே போகும்.
கம்பளி அதைப் பிடித்து உட்காரவைத்துப் பேசும்.
துரு வந்துதான் கலைக்கும்."

இரண்டு இரவு.
சீட்டுக்கடியில் மூன்று நாணயம், சூரியகாந்தித் தோல்,
சென்ற குளிர்காலம் முழுக்கத் தேடிய ஒற்றைக் கையுறை.
தகரத்தின் எண்ணெய் போக வோட்காவால் துடைத்தேன்.
அடுத்த வீட்டுக் குபாத் சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி நின்றான்.
தாளை இளக்க மனைவியின் ஹேர் டிரையர்.
அமுக்கித் தேய்க்க உருளை இல்லை,
காலிப் பாட்டில் உருண்டது.

தட்டிப் பார்க்கும் வேலை அய்ஜமாலுக்கு.
கன்னத்தைத் தகரத்தில் வைத்து
ஒரு தட்டு,
கொஞ்சம் யோசனை,
"ணங்."
நான் வெட்டினேன், ஒட்டினேன்.
"ணங்."
"இது தொப்தானே?"
"ணங்" என்றாள், இரக்கமே இல்லாமல்.
பத்தாவது தாளைத் தபால்தலை அளவுக்கு நறுக்கும்வரை
எனக்கு ஒரு தொப்கூடத் தரவில்லை.

வியாழக்கிழமை புறப்பட்டோம்.
காந்தம் தலையிலேயே இருந்தது.
நான் சாலையைப் பார்க்கவில்லை, கண்ணாடியில் அவளைப் பார்த்தேன்.
டயர் இன்னும் உறுமுகிறது. பக்கக் கண்ணாடியில் காற்று விசிலடிக்கிறது.
ஒரு டிராக்டரைத் தாண்ட இடது சிக்னல் போட்டேன்.

"அது என்ன?"

எது?

"டிக், டிக். உள்ளே யாரோ."

நாலு வருடமாக ஓட்டுகிறேன்,
இந்த வண்டியின் சிக்னலுக்குச் சத்தம் உண்டென்று
எனக்கே அன்றுதான் தெரியும்.

டிராக்டரைத் தாண்டிய பிறகும் அணைக்கவில்லை.
ஐந்து கிலோமீட்டர் இடப்பக்கம் திரும்பப்போகிறவன்போல்
நேராகவே போனேன்.
பின்னால் வந்த லாரிக்காரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து
இவானோவ்கா அருகே ஹாரனை அழுத்தினான் பாருங்கள்,
என் எலும்பே ணங் என்றது.

அவள் என்னைப் பார்த்தாள்.
காதைக் கழற்றினாள்.
கோட்டுக்குள் வைத்தாள்.

இருபத்தைந்து கிலோமீட்டர்.
மிச்சமெல்லாம் டயர் சத்தம்தான் என்கிறாள் ஜோயா.
நாலு டயருக்கு விலை கேட்டேன்.
வண்டியில் உட்கார்ந்து யோசிக்கிறேன்,
சிக்னலைப் போட்டபடி.